நடுச்சுவர் உள்ள மெஷின்

அக்கா வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏறிய திங்கட்கிழமை, ஆறு வயது மகளைத் தங்கையிடம் விட்டுப் போனாள். குழந்தைக்கு மீன் ஆகாது. வாயில் துளி பட்டாலே தொண்டை வீங்கிவிடும். தங்கையின் கணவருக்கோ மீன் இல்லாத நாள் நாளே இல்லை.

"நான் மீனையே விட்டுடறேன்" என்றார்.

"மூணு நாள் விடுவீங்க, நாலாம் நாள் திருடித் தின்பீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?"

தங்கை பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். எதையும் திறந்து பார்க்காமல் நம்பமாட்டாள். சனிக்கிழமை ஊருக்கு வெளியே இருந்த கிடங்குக் கடையில், ஒன்றில் மீனும் மற்றதில் குழந்தைக்கானதும் சூடான காற்றில் பொரிக்க வசதியான இரட்டைக் கூடை ஏர் ஃப்ரையர்களின் முன்னால் மண்டியிட்டாள். கூடைகளை உருவிவிட்டு, இடப்பக்கம் செல்போன் டார்ச்சை வைத்து வலப்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அதான் ரெண்டு கூடை இருக்கேக்கா, அப்புறம் என்ன?" என்றாள் விற்பனைப் பெண்.

"வெளிச்சம் கசியுதும்மா. மீன் ஆவி கசியாதா? நடுச்சுவர் இல்லாத வீட்டுக்கு ரெண்டு வாசல் எதுக்கு?"

சலுகை விலையில் இருந்தது உட்பட நான்கைத் தள்ளினாள். ஐந்தாவதில் கும்மிருட்டு. அதுவே வீட்டுக்கு வந்தது. குழந்தையின் கூடைக்கு மஞ்சள் டேப் சுற்றினாள். கணவர் மறந்துபோய் அதைத் தொட்டால், "கை!" என்று ஒரே அதட்டல்.

மூச்சு முட்டினால் குழந்தைக்குப் போட முதல் வாரமே வாங்கிவைத்த ஊசி, உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. இரண்டு வருடம் கழித்து மருந்துக்கடையிலிருந்து செய்தி வந்தது: "தங்கள் ஊசி காலாவதியாகிவிட்டது. புதியது வாங்கிக்கொள்ளவும்."