அண்ணாச்சி வண்டியில் ஒரு சத்தம்

என்ஜின் வேலை பார்த்த வண்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டு அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கிய மெக்கானிக் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ராஜபாளையத்திலிருந்து கிளம்பி வந்து அவர் காலில் விழுகிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்களே, அதைப் பிரித்துப் பூட்டிப் பிழைப்பவர்களே, நீங்கள் எல்லாரும் என் கட்சிதான். சாலையில் போகும்போது காலுக்கடியில் ஏதோ ‘டக்’ என்றால் உடனே ஓரம் கட்டிக் குனிந்து பார்ப்பீர்களே, அந்தப் பயம் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் உதை

பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் தன் பழைய வண்டியைக் கொண்டுவந்தார். ஒற்றை சிலிண்டர், நாலு கியர். வாங்கிய நாளிலிருந்து வேறு வண்டியைத் தொட்டதில்லையாம். சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, புது பிஸ்டன், புது கனெக்டிங் ராடு, பேரிங் எல்லாம் மாற்றிப் பூட்டினேன். முதல் உதையிலேயே எடுத்துக்கொண்டது. சூடம் காட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம்.

கிளம்பும்போது வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். “அண்ணாச்சி, என்ஜின் இப்ப பச்சப்புள்ள மாதிரி. கொஞ்ச நாளைக்கு ஆக்சிலேட்டர முறுக்கவே கூடாது. என்ஜின் கத்துற மாதிரி ஓட்டவே கூடாது.” அவர் நிமிர்ந்து நின்று கேட்டுக்கொண்டார். சல்யூட் ஒன்றுதான் அடிக்கவில்லை.

“சொல்லிட்டேல்ல தம்பி, இனி ஆர்டர்னா ஆர்டர்தான்.”

வந்தது வினை

மறு வாரமே வாசலில் வண்டியை நிறுத்தினார். முகமே சரியில்லை. “தம்பி, உள்ள இருந்து யாரோ கதவத் தட்டுற மாதிரி கேக்குது. தனியாப் போனா இல்ல. உங்க மதினிய ஏத்துனா அம்புட்டுத்தான், டக்கு டக்குனு அடிக்குது.”  பிஸ்டனையும் கிராங்கையும் சேர்க்கும் ராடு தளர்ந்து அடிக்கிறதோ?

ராடு அடித்தால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்தவன். ஒருமுறை மம்சாபுரம் விலக்கில் எனக்கு முன்னால் போன வண்டி என்ஜின் ஜாம் ஆகி, பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டு, பின்னால் இருந்தவரை நடுரோட்டில் தூக்கிப் போட்டது. நல்லவேளை, பின்னால் பஸ் வரவில்லை. அண்ணாச்சியோ புரட்டாசிச் சனிக்கிழமை தவறாமல் மதினியை ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர். அன்றைக்கு அந்தப் பக்கம் பஸ்ஸும் வேனும் கூட்டமுமாக இருக்கும். மதினி ரோட்டில் விழுவது போல என் மனசில் ஓடத் தொடங்கிவிட்டது.

வண்டியை வாங்கி பைபாஸ் வரை போய் வந்தேன். தெருத்தெருவாகச் சுற்றினேன். ஒரு சத்தமும் இல்லை. பட்டு மாதிரி வழுவழுவென்று ஓடுகிறது. ஒன்றும் இல்லையே என்றதும் அண்ணாச்சி வண்டியை முறைத்தார்.

“நீ ஏறுனா அட்டென்ஷன்ல நிக்குது, நான் ஏறுனாத்தான் சேட்டை பண்ணுது.”

ஊரே வைத்தியர்

நீளத் திருப்புளியின் முனையை என்ஜினில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பது எங்கள் வழக்கம். உள்ளே எந்தப் பக்கம் தட்டுகிறது என்று அதில் தெரிந்துவிடும். அப்படி நான் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தால் போதும், டீக்கடையில் இருப்பவர்கள் எல்லாரும் டம்ளரோடு வந்துவிடுவார்கள். டேப்பட் என்றார் ஒருவர். டைமிங் செயின் என்றார் இன்னொருவர். பிஸ்டனையே தப்பாகப் போட்டிருப்பான் என்று எனக்குப் பின்னால் நின்று மெதுவாகச் சொன்னார் மூன்றாமவர். அது மட்டும் எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது.

பஞ்சு மில்லில் பிட்டராக இருக்கும் பக்கத்துத் தெருக்காரர் வந்தார். இரவும் பகலும் எந்திரத்தோடு இருப்பவர் ஆயிற்றே என்று திருப்புளியை அவர் கையில் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார்.  பிறகு நிதானமாகத் திருப்புளியைத் திருப்பித் தந்தார்.

“மில்லுக்குப் போனதுல இருந்து எனக்கு வலது காது கேக்காதுப்பா, இடது காதுலயும் ஒண்ணும் விழல.”

வீட்டிலும் அதே

சத்தத்தைத் தேடி அலைகிறவனுக்கு எல்லாமே சத்தம்தான். சாப்பிட உட்கார்ந்தால் மின்விசிறியில் பேரிங் போன மாதிரி கேட்டது. குளிக்கப் போனால் தண்ணி மோட்டார் ராடு அடித்தது. சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். சனிக்கிழமைக்கு முன்னால் கண்டுபிடித்தாக வேண்டும். “அண்ணாச்சி, பஸ்ல போயிட்டு வாங்களேன்” என்று கெஞ்சியும் பார்த்துவிட்டேன். வண்டி கெட்டுப்போயிருந்தால் பஸ்ஸில் போகிறேன், கெட்டுப்போயிருக்கிறதா என்று நீ சொல் என்றார். 

அடுக்களையில் மிக்சி ஓடியது. அதன் பக்கத்தில் போய்க் காதை வைத்தேன். என் மனைவி அதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இந்த மிக்சியில மட்டும் திருப்புளிய வச்சீங்க, சட்டினியும் கிடையாது, நானும் கிடையாது.”

மறுபடியும் பிரித்தேன்

வேறு வழியில்லாமல் என்ஜினை மறுபடியும் இறக்கினேன். பூட்டிய கையே திரும்பப் பிரிப்பதைப் போல வேதனை உண்டா? ராடோடு கிராங்கைத் தூக்கிக்கொண்டு லேத் பட்டறை செல்வத்திடம் ஓடினேன். போர் போட்டதும் ராடு ஏற்றியதும் அவன்தான். ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தான், அளந்து பார்த்தான், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு பழுதும் இல்லை. எல்லாம் முத்து மாதிரி இருக்கிறது என்றான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பழுது இருந்திருந்தால் மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பேன். இல்லாத பழுதை எப்படி மாற்றுவது? செல்வம் டீ சொல்லிவிட்டு என் தோளில் தட்டினான்.

“ஏலே, நோய் இல்லன்னு டாக்டர் சொன்னதுக்கு அழுத மொத ஆளு நீதாம்லே.”

செல்லில் வந்த குரல்

பூட்டிக் கொடுத்தேன். சத்தம் வந்தால் மதினியைச் செல்போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். சனிக்கிழமை காலையில் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது வந்தது பதிவு. ஓடுகிற வண்டியிலிருந்தே மதினி அனுப்பியிருக்கிறார். முதலில் பஸ் ஹாரன். அடுத்து யாரோ கூட்டமாகக் கோவிந்தா போடுகிறார்கள். அதற்கு அடியில் ‘டக் டக் டக்’ என்று தெளிவாகக் கேட்டது. ராடு அடிக்கிற அதே சத்தம்.

அதற்கும் மேலே மதினியின் அலறல். என்னை இறக்கிவிடு என்று ஒரு பெண் நடுரோட்டில் கதறினால் கேட்கிறவனுக்கு எப்படி இருக்கும்? அண்ணாச்சிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. பட்டறைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வரை என் காதில் அந்தக் குரல்தான்.

“ஏங்க, இறக்குங்க! சொன்னாக் கேளுங்க, இறக்குங்க!”

மலை அடிவாரம்

வழியில் எங்காவது கூட்டம் கூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். ஒருவர் வண்டியை ஓரம் கட்டி நின்றால்கூட வேகத்தைக் குறைத்து அவர் முகத்தைப் பார்த்தேன். திருவண்ணாமலை அடிவாரத்தில் பார்த்தால், அண்ணாச்சியும் மதினியும் மரத்தடியில் நின்று புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். சந்தோஷத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. “போன எடுக்க மாட்டீங்களா அண்ணாச்சி?” என்று கத்தியேவிட்டேன். கூட்டத்தில் கேட்கவில்லையாம்.

“வண்டிய எடுங்க, நான் பின்னால உக்காருதேன்” என்றேன். அத்தனை நாளும் நானே ஓட்டிப் பார்த்தேனே தவிர, பின்னால் உட்காரத் தோன்றவில்லை. மெக்கானிக் பின்னால் உட்காருவானா? மதினியை மரத்தடியிலேயே விட்டுவிட்டு, கொஞ்ச தூரம் கீழே போய்த் திரும்பி, அடிவாரத்துக்கு வரும் ஏற்றத்தில் ஏறினோம். முன்னால் நடக்கிற கூட்டம், வண்டி ஊர்ந்தது. டக், டக், டக். சீட்டுக்கு அடியிலிருந்து முதுகெலும்பு வரை வந்தது. எட்டி அவர் காலைப் பார்த்தேன். கியர் பக்கமே போகவில்லை. நாலாவது கியரில், நடக்கிற வேகத்தில், இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறுகிறார்!

“கியர இறக்குங்க அண்ணாச்சி!”

“இறக்குனா என்ஜின் கத்துமே தம்பி. கத்தக் கூடாதுன்னு நீதான ஆர்டர் போட்ட?”

“ஆர்டர் கேன்சல், இறக்குங்க!”

இரண்டாவது கியருக்கு வந்தார். சத்தம் நின்றது. இழுக்க முடியாத என்ஜின் முட்டிக்கொண்டு தட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இப்படியே ஓட்டியிருந்தால் நல்ல ராடும் ஒருநாள் போயிருக்கும், நான் பயந்ததும் நடந்திருக்கும். மரத்தடிக்கு வந்ததும் இறங்கினேன்.

“பயந்து போய் இறக்கிவிடச் சொல்லிக் கத்துனீங்களே மதினி, எனக்கு உசுரே போயிருச்சு” என்றேன். கையைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “நான் எதுக்குத் தம்பி இறங்கணும்? கியர இறக்குங்கன்னுல்ல மொத நாள்ல இருந்து கத்துதேன். மேட்டுல பஸ்ஸுக்காரரே இறக்குதாரு. இவுக கேட்டாத்தான?” அண்ணாச்சி மலையைப் பார்த்துக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன். மதினி விடவில்லை.

“என்ஜின் என்ன சொல்லுதுன்னு ஊரே காது வச்சுக் கேட்டீக, பின்னால உக்காந்திருக்கவ என்ன சொல்லுதான்னு ஒருத்தராவது கேட்டீகளா?”

இப்போதெல்லாம் என்ஜின் வேலை பார்த்த வண்டியைக் கொடுக்கும்போது ஓட்டப்போகிறவரிடம் சாவியை மட்டும் கொடுத்துவிட்டு, முறுக்குவது, கியரை இறக்குவது எல்லாவற்றையும் பின்னால் உட்காரப்போகிறவரிடம்தான் சொல்லி அனுப்புகிறேன்.