பர்ஃபி நனைத்த ரஜாய்

பூனை பார்த்துக்கொள்ளும் தொழிலில் பூனையால் வரும் தொல்லை கொஞ்சம்தான். மீதியெல்லாம் வீட்டுக்காரர்களோடு போடும் சண்டை. மக்கள் அரசுக்குக் கொடுக்கும் மனுக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டு தலைநகரில், முனிர்காவில் குடியிருக்கிறேன். தமிழ்க் குடும்பங்கள் ஊருக்குப் போகும்போது அவர்கள் பூனைகளுக்குச் சாப்பாடு வைத்து, அவை ஒன்றுக்குப் போகும் மண்தட்டான லிட்டர் பாக்ஸை அள்ளிச் சுத்தம் செய்வது என் பக்கத்தொழில். சோபாவை மோந்து பார்த்து முகம் சுளித்தவர்களே, இது உங்களுக்குத்தான்.

குற்றச்சாட்டு

கிட்வாய் நகர் செல்வராஜ் அங்கிள் மத்திய அரசு அதிகாரி. பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்த கொஞ்ச நாளில் என்னைக் கூப்பிட்டார். அவர்கள் வீட்டு வெள்ளைப் பூனை பர்ஃபி, அவர் குளிருக்குப் போர்த்திக்கொள்ளும் பஞ்சு ரஜாயில் ஒன்றுக்குப் போய்விட்டாளாம். அடுத்தது அவர் உட்காரும் நாற்காலி. "ஆபரேஷன் பண்ணியாச்சேம்மா, இனிமே இந்தத் தொல்லையே வராதுன்னாங்களே?" என்றார். ஆபரேஷன் குட்டி போடுவதைத்தான் நிறுத்தும், ஒன்றுக்குப் போவதை நிறுத்தாது என்று வாதாடினேன். உடம்புக்கு முடியாவிட்டாலும், மனசு மிரண்டாலும் பூனை இடம் மாறிப் போகும் என்றேன்.

எடுபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பர்ஃபியை ஃபரிதாபாத் நண்பரின் குடோனுக்கு எலி பிடிக்க அனுப்புவது என்று முடிவாகிவிட்டது. ரஜாயிலேயே பிறந்து வளர்ந்தவள், எலியை டிவியில்கூடப் பார்த்ததில்லை! தனியாக விட்டுப்போன கோபத்தில் பழிவாங்குகிறாள் என்பது அவர் மனைவி புஷ்பா ஆன்ட்டியின் தீர்ப்பு.

"பொட்டப் புள்ளைக்கு இவ்வளவு கோபம் ஆகாதும்மா."

குடித்துக் காட்டு

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! முதலில் நோயா என்று பார்ப்போம் என்று, காலி டப்பாவோடும் பர்ஃபியோடும் குளியலறையில் அடைந்து கிடந்து சாம்பிள் பிடித்தேன். ஆன்ட்டி கழுவிக் கொடுத்த குட்டித் தண்ணீர் பாட்டிலில் அதை ஊற்றிக்கொண்டு மெட்ரோவுக்கு ஓடினேன்.

செக்யூரிட்டிக்காரர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். ஒரு மடக்கு குடித்துக் காட்டச் சொன்னார். பூனை மூத்திரம் என்றேன். நம்பவில்லை. ஒரு குடிமகளைக் குடிக்கச் சொல்ல எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது என்று நான் ஆரம்பித்தேன். பின்னால் வரிசை நீண்டது. அவரே மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். அடுத்த நொடியே பாட்டிலை என் கையில் திணித்து, சீக்கிரம் போகச் சொல்லி விரட்டினார்.

"ஜாயியே மேடம், ஜல்தி ஜாயியே!"

டாக்டரின் கேள்வி

கால்நடை டாக்டர் சாம்பிளைச் சோதித்துவிட்டுக் கிருமியும் இல்லை, கல்லுக்கான அறிகுறியும் இல்லை என்றார். "லிட்டர் பாக்ஸ் எங்க இருக்கு?" என்று கேட்டார். சோபா மூலையில் என்றேன், பெருமையாக. நான் பார்த்துக்கொண்டபோது அது அங்கேதான் இருந்தது; பர்ஃபியும் ஒழுங்காகத்தான் இருந்தாள். எதற்கும் கேட்டுவிடலாம் என்று ஆன்ட்டிக்கு போன் போட்டேன்.

"எந்தக் கிழமை எங்க இருந்துச்சுன்னு கேக்குறே?"

டிரான்ஸ்பர்

மூச்சிரைக்கக் கிட்வாய் நகர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் வெளியே வந்தது. ஊரிலிருந்து திரும்பியதும் விருந்தாளிகள் வந்தார்கள் என்று பாக்ஸ் வாஷிங் மெஷின் பக்கம் போயிருக்கிறது. அது தடதடவென்று சுற்ற, பர்ஃபி மிரண்டு ரஜாய்க்கு ஓடியிருக்கிறாள். தண்டனையாக அங்கிள் பாக்ஸைக் குளிர் பால்கனிக்கு மாற்றினார், நாற்காலி நனைந்தது. இப்போது செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால்.

"ஒரே இடத்துல விட்டா யாரா இருந்தாலும் கெட்டுப் போவாங்கம்மா. ஆபீஸ்ல பாக்குறேனே!" என்றார்.

"உங்களை கவுஹாத்திக்கு மாத்தினப்போ என்ன செஞ்சீங்க அங்கிள்?"

"மனு கொடுத்தேன்."

"எங்க வச்சீங்க?"

"மேலதிகாரி டேபிள்லதான்."

நான் அவருடைய நாற்காலியைக் காட்டினேன். ஆன்ட்டி முந்தானையால் வாயை மூடிக்கொண்டும் சிரிப்பு அடங்கவில்லை. அங்கிள் பர்ஃபியைப் பார்த்தார்; அவளும் கண் கொட்டாமல் பார்த்தாள். எழுந்து, பாக்ஸைத் தானே தூக்கிவந்து சோபா மூலையில் வைத்தார். அன்று சாயங்காலமே பர்ஃபி அதில் இறங்கி, நிதானமாகக் காரியத்தை முடித்து, மண்ணைத் தள்ளி மூடினாள். ரஜாய் அதற்குப் பிறகு நனையவில்லை.

ஞாயிறன்று ஃபரிதாபாத் நண்பர் கூடையோடு வந்து நின்றார். அங்கிள் கதவைப் பாதிதான் திறந்தார்.

"சாரி நண்பரே, டிரான்ஸ்பர் ஆர்டர் கேன்சல்."

உரியவர் உட்காரும் இடத்திலேயே சமர்ப்பித்தால்தான் மனுவுக்குப் பதில் வரும் என்பதை என் ஆராய்ச்சியில் எழுதலாம்தான், ஆனால் ஆதாரமாகக் காட்ட என்னிடம் இருப்பது ஒரு நாற்காலி மட்டுமே.