பின் விசிறிக்குக் காவல்

கம்ப்யூட்டருக்குள் நெருப்பு இருக்கிறது, அது வெளியே குதித்துவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் விசிறிகளை வைக்கிறார்கள் என்று சின்ன வயதில் உறுதியாக நம்பினேன். வகுப்பில் நான் கெட்டிக்காரப் பையன் என்று வேறு பெயர். எங்கள் வகுப்பின் லட்சணத்தை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த ஞானத்தை அருளியவர் சித்தப்பா. ஓசூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை அவருக்கு. அதிலிருந்து விடுபட அவர் கண்ட வழி, வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டி, லேத் பட்டறைகளுக்கு டிராயிங் போட்டுக் கொடுப்பது. தெருமுனைப் பட்டறைக்காரர், "மொதல்ல பொட்டி ஓடட்டும்ப்பா. அப்புறம் நம்ம டிராயிங் பூரா உனக்குத்தான்" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

லீவு நாட்களில் பெங்களூருக்கு பஸ் ஏறி, ஒவ்வொரு சாமானாக வாங்கி, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டுக்கோ சிமெண்ட் ஷீட் கூரை; வெயிலில் உள்ளே தோசை வார்க்கலாம். அதனால் இருப்பதிலேயே உயரமான டவர் கேபினெட்டாகப் பார்த்து வாங்கினார். முன்னால் ஒரு விசிறி காற்றை உள்ளே இழுக்கும். பின்னால் ஒன்று சூட்டை வெளியே தள்ளும். அதுவும் போதாதென்று உச்சித் தகட்டை அவரே வட்டமாக வெட்டி வலை பதித்தார்.

பூட்டி முடித்ததும் ஒரு துண்டுக் காகிதத்தை முன்னால் நீட்டினார், ஒட்டிக்கொண்டது. பின்னால் நீட்டினார், படபடத்தது.

"பாத்தியாடா? இந்தப் பக்கம் எது வந்தாலும் அந்தப் பக்கம் போயிரும்."

மேதாவி போலத் தலையாட்டினேன்.

"இதுக்கு சூடுதான்டா எமன். பின்னாடி கை வெச்சுக்கிட்டே இரு. சூடா வந்துச்சுன்னா சொல்லு."

அன்று முதல் பின் விசிறிக்கு நான் காவல். தீயணைப்பு நிலையத்தையே என்னிடம் ஒப்படைத்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனி பூஜையை முடித்துக்கொண்டு பொரிப் பொட்டலத்தோடு வந்த சித்தப்பா, பட்டறைக்காரரையும் கையோடு அழைத்து வந்தார். பூஜையன்று எந்த இயந்திரத்தையும் ஓட்டக்கூடாது என்பது வழக்கம். ஆனால் வந்தவருக்கு ஓடும் பொட்டியைக் காட்டியாக வேண்டுமே! திரையில் ஒரு பல்சக்கரத்தின் டிராயிங். பட்டறைக்காரர் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"அடேங்கப்பா, பல்லு பல்லா தெரியுதே! நாளைக்கே பட்டறைக்கு வந்துருப்பா."

சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. அந்த நேரம் பார்த்துச் சித்தி தூபக்காலோடு வந்து, குங்குமம் வைத்த கேபினெட்டின் முகத்துக்கு நேராகச் சாம்பிராணி காட்டினார். பின்பக்கம் காவலில் இருந்த எனக்குச் சித்தி தெரியவில்லை. தெரிந்ததெல்லாம், விசிறி என் மூஞ்சியில் குப்பென்று அடித்த புகைதான்.

"நெருப்பு! நெருப்பு!" என்று கத்தினேன். தமிழ் போதாதென்று "பெங்கி! பெங்கி!" என்று கன்னடத்திலும் கத்தினேன். தெலுங்கில் கத்தாததற்குக் காரணம், அவசரத்தில் வார்த்தை கிடைக்காததுதான். அதற்குள் சைக்கிள் கழுவ வைத்திருந்த வாளி கையில் கிடைத்துவிட்டது. வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தறியாத நான், அந்த வாளியைத் தூக்கி உச்சியில் கவிழ்த்தேன். காற்று போகச் சித்தப்பா வெட்டிய வழியில் தண்ணீர் ஒரு தடையும் இல்லாமல் இறங்கியது.

'பட்' என்று ஒரு சத்தம். பல்சக்கரம் அணைந்தது.

அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். சித்தப்பா சித்தியின் கையிலிருந்த தூபக்காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு நடுவில் வந்து நின்றார்.

"அவன அடிக்காதண்ணா. நெசமாவே பத்திக்கிச்சு. நான்தான் ஒயர சரியா மாட்டல. இவன் பாக்கலன்னா வீடே போயிருக்கும்."

அப்பாவின் கை இறங்கியது. பட்டறைக்காரர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "ஒயரே மாட்டத் தெரியலன்னா எப்படிப்பா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பொரியைக்கூட மறக்காமல் எடுத்துக்கொண்டுதான் போனார்.

உள்ளேயிருந்த சர்க்யூட் பலகைகளை வாசல் வெயிலில் வடாம் மாதிரிக் காயவைத்தும் பொட்டி எழுந்திருக்கவில்லை. பட்டறை வேலை வேறு ஆளுக்குப் போனது. நானோ வீட்டைக் காப்பாற்றிய வீரன். பள்ளிக்கூடத்தில் கதை சொல்லிச் சொல்லி, கடைசியில் தீ கூரை வரை எழும்பியது. சித்தப்பா எதிரில் இருக்கும்போதும் சொல்வேன். "ஆமாண்டா, அப்பேர்ப்பட்ட தீ" என்பார். சாகும் வரை அதை மாற்றிச் சொல்லவில்லை. ரிட்டையர் ஆகும் வரை அதே ஷிப்டுக்குத்தான் போனார்.

போன ஆயுத பூஜைக்கு, மகளுக்காக நானே பூட்டிய டவர் ஒன்றின் முன் மனைவி சாம்பிராணி காட்டினாள். புகை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. இந்த வயதில்தான் கெட்டிக்காரப் பையனுக்கு விளங்கியது.

அன்றைக்கு எதுவும் பற்றிக்கொள்ளவில்லை. சித்தியின் சாம்பிராணியை முன் விசிறி இழுத்தது, பின் விசிறி தள்ளியது. சித்தப்பா எல்லா ஒயரையும் சரியாகத்தான் மாட்டியிருந்தார்.