ஜமால் பாய் பிரீமியத்துக்கு மாறின கதை

பெட்ரோல் பங்க் வேலைன்னா, ஊரே நம்மளைத் தாண்டி எங்கேயோ போயிட்டிருக்கும், நாம மட்டும் பைப்பைப் புடிச்சுக்கிட்டு நின்ன இடத்துலயே நிப்போம்.

நான் பம்மல் பக்கம் ஒரு பங்க்ல நிக்கிறேன். காலை ஷிப்ட். விடியறப்ப திருநீர்மலை மேல வெள்ளையா ஏதோ படுத்திருக்கும், பனியா புகையான்னு கேக்காதீங்க. தலைக்கு மேல ஒரு பிளேன் வயித்தைக் காட்டிக்கிட்டு மீனம்பாக்கத்துல இறங்கும். இது எந்த ஊருல பெட்ரோல் போட்டுட்டு வருதோ, அங்கயும் என்னை மாதிரி ஒருத்தி நிக்கிறாளோன்னு யோசிச்சுட்டே நிப்பேன். "ஏம்மா, டேங்க் வழியுது!"ன்னு யாராவது கத்தினாத்தான் பூமிக்கு வருவேன்.

பைக் வச்சிருக்கிற உங்களுக்கெல்லாம் என் மேல ஒரு கடுப்பு இருக்கும், எனக்குத் தெரியும். வண்டியை நிறுத்தினதும் "பிரீமியம் போடட்டுமா சார்?"னு கேக்குறவ நான்தான். சாதாவை விட விலை கூடின பெட்ரோல் அது. கேக்கலைன்னா மேனேஜர் திட்டுவாரு, கேட்டா நீங்க முறைப்பீங்க. நாம ரெண்டு பேருமே பாவம்தான்.

போடட்டுமா சார்?

ஒருநாள் ஒரு பெரியவர் மொபெட்ல வந்தாரு. முன்னாடி கீரைக்கட்டு, பின்னாடி வெங்காய மூட்டை, நடுவுல அவரு எங்கேன்னு தேடித்தான் கண்டுபிடிக்கணும். வாய் பழக்கம், அவரையும் கேட்டுட்டேன். மனுஷன் கோவப்படல. மொபெட்டை ஒரு தடவை பாத்தாரு, என்னை ஒரு தடவை பாத்தாரு. அப்புறம் வண்டிக்குக் கேக்கக்கூடாதுங்கிற மாதிரி குரலைத் தணிச்சுக்கிட்டு சொன்னாரு:

"வேணாம்மா. ஒரு தடவை அதைக் குடிச்சுட்டா, அப்புறம் இது என்னை மதிக்காது."

டில்லி அண்ணா தீர்ப்பு

உண்மையிலேயே பிரீமியம் போட்டா மைலேஜ் வருமா? சத்தியமா எனக்குத் தெரியாது. பெரிய பைக் வச்சிருக்கிற ஐ.டி. பையன் ஒருத்தன், "சும்மா மெதக்குதுக்கா"ன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவான். எதிர்ல மெக்கானிக் கடைக்காரரு, "நூறு சிசி வண்டிக்கு சாதாவே போதும், கம்பெனி புக்லயே போட்டிருக்கு"ம்பாரு. ரெண்டு பேரும் அடிச்சுச் சொல்றாங்க, நான் யாரை நம்புறது?

பக்கத்து பம்ப்ல நிக்கிற டில்லி அண்ணா இந்த வேலையில எனக்கெல்லாம் சீனியர். அவரு தன்னோட வண்டியில ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தவரு. என்னண்ணா ஆச்சுன்னு கேட்டேன். காதைக் குடைஞ்சுக்கிட்டே சொன்னாரு:

"சத்தம் கொஞ்சம் அடங்கிச்சு. மைலேஜ் அப்டியேதான் கீது. வண்டிக்குப் புடிச்சிதா இல்லியான்னு அதைத்தான் கேக்கணும், அது இன்னா வாயைத் தொறந்து பேசவா போவுது?"

பாய்க்கு வந்த சோதனை

ஜமால் பாய் பொழிச்சலூர்ல கார் சீட் தைக்கிற கடை வச்சிருக்காரு. வீடு குன்றத்தூர் போற வழியில. மெஹர் அக்கா, அவரு சம்சாரம், கடையில கூடவே உக்காந்து தைப்பாங்க. ரெண்டு பேரும் தினம் ஒரே பைக்ல போவாங்க வருவாங்க. பாய் வர்ற சத்தம் தெருமுனையிலயே கேக்கும். பிளேன் இறங்குற மாதிரிதான் பங்க்குக்குள்ள வருவாரு. அக்கா இறங்கி ஓரமாப் போய், முக்காட்டைச் சரி பண்ணிக்கிட்டு ஒரு நிமிஷம் அப்படியே நிப்பாங்க.

அப்படிப்பட்ட மனுஷன் ஒருநாள் தனியா, வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தாரு. முகம் செத்துப்போயிருந்துச்சு. "ஸ்டெல்லாம்மா, வண்டியை விக்கச் சொல்லிட்டா. மைலேஜ் இல்லாத வண்டி எதுக்குங்கிறா. அவ தம்பி பேட்டரி ஸ்கூட்டர் பாத்துட்டான். அதுல சத்தமே வராதும்மா. நான் போறேனா நிக்கிறேனான்னு எனக்கே தெரியாது." கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு. எனக்கு மனசே கேக்கல. கெஞ்சிக் கூத்தாடி அக்காகிட்ட ஒரே ஒரு டேங்க் தவணை வாங்கியிருக்காரு. அதுக்குள்ள மைலேஜ் ஏறலைன்னா வண்டி போயிடும். பிரீமியம் போட்டா ஏறுமான்னு கேட்டாரு. சில பேருக்கு ஏறுதுங்கிறாங்க பாய், எனக்குத் தெரியலைன்னேன். மூடியைத் திறந்தாரு:

"அந்தச் சில பேருல நானும் ஒருத்தனா இருந்துட்டுப் போறேன். இன்ஷா அல்லா, ரொப்பு."

ஆட்டிப் போடு

டேங்க் டு டேங்க் மைலேஜ் பாக்குறவங்களை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், நீங்களே அப்படி ஒருத்தராக்கூட இருப்பீங்க. வாய் வரைக்கும் ரொப்பணும். வண்டியை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டணும். உள்ள இருக்கிற காத்து குமிழியா மேல வரும். மறுபடி ரொப்பணும், மறுபடி ஆட்டணும். பின்னாடி லைன்ல ஹாரன் அடிச்சே கொன்னுடுவாங்க.

அன்னிக்கு பாய் ஆட்டின ஆட்டுல வண்டிக்கே தலை சுத்தியிருக்கும். "இன்னும் ஒரு சொட்டு, இன்னும் ஒரு சொட்டு"ன்னு டேங்க்குக்குள்ள குனிஞ்சு பாத்துக்கிட்டே இருந்தாரு. வெயில் ஏறி, பெட்ரோல் வாடை அலையலையா எழும்பி, எதிர் ரோடே தண்ணியில ஆடுற மாதிரி தெரிஞ்சுது. நானும் சொக்கிப்போய் அதையே பாத்துக்கிட்டிருந்தேன். டில்லி அண்ணாதான் கத்தினாரு:

"பாய், அது இன்னா கெணறா? வுட்டா உள்ளயே எறங்கிடுவ போலக்கீது!"

ஏறிடுச்சு!

அடுத்த தடவை டேங்க் ரொப்பினப்ப, ஓடின தூரத்தையும் புடிச்ச லிட்டரையும் வச்சு பாய் கணக்குப் போட்டாரு. நம்பல. என்னைப் போடச் சொன்னாரு. நாப்பதைத் தாண்டவே மூக்கால அழுத வண்டி, அம்பதுக்குப் பக்கத்துல வந்து நிக்குது! பாய் துள்ளின துள்ளு இருக்கே, பம்ப்பையே கட்டிப் புடிச்சாரு. லைன்ல நின்னவங்களுக்கெல்லாம் அவரே கதை சொன்னாரு. அன்னிக்கு நான் கேக்காமலே எல்லாரும் பிரீமியம் போட்டாங்க. மேனேஜர் என்னைப் பாத்து முதல் தடவையா சிரிச்சாரு.

எனக்கும் சந்தோஷம்தான். அடடா, நான் விக்கிறது நிஜமாவே நல்ல சரக்குதான் போலன்னு காத்துல நடந்துக்கிட்டிருந்தேன். டில்லி அண்ணாவுக்கு அது பொறுக்கல. காலையில வேலைக்கு வர்றப்ப அவரு பாய் வண்டிக்குப் பின்னாடியே வந்தாராம்:

"பாய் எங்கம்மா வண்டி ஓட்டறாரு? காஸ்ட்லி பெட்ரோல் தீர்ந்துடப் போவுதுன்னு, தூங்கற கொயந்தையைத் தூக்கிக்கினு போற மாதிரி போறாரு. சைக்கிள்காரன் ஓவர்டேக் பண்றான்!"

ஏரிக்கரை

நான் நம்பல. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷேர் ஆட்டோல வீட்டுக்குப் போறேன், திருநீர்மலை ஏரிப் பக்கம். முன்னாடி பாய் வண்டி. ரோட்டுல போகுதா தண்ணியில மிதக்குதான்னு தெரியாம போகுது. பாய் ஆக்ஸிலேட்டரை விரல் நுனியால தொட்டுக்கிட்டிருக்காரு. பின்னாடி அக்கா முகத்தைத் திருப்பி ஏரியையே பாத்துக்கிட்டு வர்றாங்க. தண்ணி தகதகன்னு மின்னுது, கரையில கொக்கு நிக்குது. எங்க ஆட்டோ அவங்களைத் தாண்டினது ரெண்டு பேருக்குமே தெரியல. அழகாத்தான் இருந்துச்சு. அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. ஏறினது பெட்ரோலால இல்ல, மெதுவா ஓட்டுற கையாலன்னு அக்காவுக்குத் தெரிஞ்சா, எதுக்குக் கூடக் காசுன்னு பிரீமியத்தை நிறுத்தச் சொல்லிடுவாங்களே. பிரீமியத்தை விட்டா பாய் பழையபடி பறப்பாரு, மைலேஜ் இறங்கும், வண்டி போயிடும். பாவம் அந்த மனுஷன்.

மறுவாரம் ரெண்டு பேரும் வந்தாங்க. பாய் காத்தடிக்கப் போயிட்டாரு. அக்கா நேரா என்கிட்ட வந்து, "ஸ்டெல்லா, நெஜமா பெட்ரோலாலதான் மைலேஜ் ஏறிச்சா?"ன்னாங்க. "அது வந்துக்கா... சில வண்டிக்கு..."ன்னு இழுத்தேன். அக்கா சிரிச்சுட்டாங்க. "பின்னாடி உக்காந்திருக்கிறது நான்தானே, எனக்குத் தெரியாதா?" அப்புறம் பாய் பக்கம் ஒரு பார்வை பாத்துட்டு, என் காதோரமா குனிஞ்சாங்க:

"மைலேஜுக்காகவா விக்கச் சொன்னேன்? அவரு ஓட்டுற வேகத்துக்கு இத்தனை வருஷமும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுத்தான் போயிருக்கேன். பயமா இருக்குன்னு சொன்னா, என் மேல நம்பிக்கை இல்லையான்னு உடைஞ்சு போயிடுவாரு, அதான் மைலேஜைச் சொன்னேன். அந்த வழியில ஒரு ஏரி இருக்குன்னே இப்பத்தாம்மா பாக்குறேன். இனிமே அவரு சாதா கேட்டாருன்னா, ஸ்டாக் இல்லைன்னு சொல்லிடு."

ஆக, பிரீமியம் போட்டா வண்டி நல்லா ஓடுமான்னு என்னைக் கேக்காதீங்க, பின் சீட்டுல உக்காந்து வர்றவங்களைக் கேட்டுட்டு வாங்க.