அப்பாவின் குரலைச் சுத்தம் செய்தவள்

என் தங்கை பல்கலைக்கழகத்தில் பல்லூடக வடிவமைப்பும் தயாரிப்பும் படிக்கிறாள். அதிலும் உயர்நிலைப் பாடமாம். யாராவது கேட்டால் முழுப் பெயரையும் சொல்வதற்குள் எனக்கு வாய் சுளுக்கிக்கொள்ளும். "கம்ப்யூட்டர்ல படம் பண்ற படிப்பு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். வீட்டில் அவளுக்குப் பெயர் ராங்கி. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள், யார் சொன்னாலும் கேட்கமாட்டாள்.

அப்பா காய்கறிச் சந்தையில் ஏலம் விடுபவர். கத்திக் கத்தியே எங்களை வளர்த்தவர். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையையே எடுக்கவேண்டும், அப்புறம் பேச்சு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டாள்.

ராங்கி மைக்கோடு வந்து நின்றாள். இறுதியாண்டுப் படத்துக்கு அப்பாதான் கதை சொல்லவேண்டும், அப்படியே அவர் குரலும் காலத்துக்கும் நம்மிடம் இருக்கும் என்றாள். அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சந்தைக் கதையெல்லாம் சொன்னார். இருமினார், மூச்சிரைத்தார், நடுவில் என்னைத் திட்டவும் செய்தார். "யாருடி அங்க கதவ சாத்துறது? ரெக்கார்டிங் நடக்குதுல்ல!"

வகுப்பில் போட்டுக் காட்டியபோது விரிவுரையாளர் முகம் சுளித்தாராம். "படம் பிரமாதம். சத்தம்தான் கரகரங்குது, சுத்தம் பண்ணும்மா." அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஃபேன் சத்தத்தை எடுத்தாள். இருமலை எடுத்தாள். மூச்சை எடுத்தாள். இன்னும் ஏதோ கரகரப்பு இருக்கிறது என்று அதையும் எடுத்தாள். ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டால் காது அதற்குப் பழகி, முதலில் எப்படி இருந்தது என்பதே மறந்துபோகுமாம். இப்போது சொல்கிறாள், பெரிய கண்டுபிடிப்பு! கடைசியில் படக் கோப்புகளால் கணினியில் இடம் நிரம்பிவிட்டது. சுத்தம் செய்ததுதான் இருக்கிறதே என்று முதலில் பதிவுசெய்ததை அழித்துவிட்டாள்.

அப்பா ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் குழாயோடு வீட்டுக்கு வந்தார். ராங்கி ஆசையாகப் படத்தைப் போட்டாள். அம்மா கடைசிவரை பார்த்தாள்.

"நல்லாருக்குடி. பேசுறது யாரு, உன்கூடப் படிக்கிற பையனா?"

"அம்மா! அது அப்பாம்மா!"

அப்பா அவசர அவசரமாகத் தலையாட்டினார். நான்தான், நான்தான் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"முதல்ல எடுத்தத போடுடி" என்றேன். அவள் முகம் வெளுத்துப்போனது. அப்போதுதான் அழித்த விஷயமே வெளியே வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளை நாலு சாத்து சாத்தியிருப்பேன். அப்பா குறுக்கே கையை நீட்டிவிட்டார். எங்கள் போன்களையெல்லாம் துழாவினோம். இருந்த நாலைந்து வீடியோவிலும் மனிதர் வாயே திறக்காமல் முறைத்துக்கொண்டு நிற்கிறார்.

படத்தின் ஒலிக்குத்தான் வகுப்பிலேயே அதிக மதிப்பெண். ராங்கி அதை வீட்டில் சொல்லவே இல்லை, அவள் தோழி சொல்லித்தான் தெரியும்.

நேற்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா திடீரென்று கேட்டாள். "ஏலம் முடிக்கையில ஒரு கத்து கத்துவாரே, அது எப்படிடி இருக்கும்? எனக்கு ஞாபகத்துக்கே வரமாட்டேங்குது."

நான் கத்திக் காட்டினேன். இது இல்லை என்றாள். ராங்கி கத்தினாள். அதுவும் இல்லை. அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கையாலேயே சொல்லிக்கொடுத்தார்: இன்னும் கீழே, இன்னும் முரட்டுத்தனமாக, இழு, இப்போது வெட்டு. இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினோம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"இல்லடி" என்றாள்.