கழுவித் துடைத்த புழு

அந்தக் குழாய்களை என் பொறுப்பில் விட்டதற்கு ஒரே காரணம், நான் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள் என்பதுதான். பக்கத்து வீட்டு வளவில் இருக்கும், நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் முஸ்லிம் அக்காவின் தென்னைகளை ஒருவகைப் புழு தின்றுகொண்டிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் ஓலைகள் நெருப்பில் வாட்டியதுபோலத் தெரியும். வந்து பார்த்த தெங்கு உத்தியோகத்தர் மருந்தடிக்க வேண்டாம் என்றார். இந்தப் புழுவைத் தேடிப் பிடித்து அதன்மேல் முட்டையிடுகிற குளவிகள் இருக்கின்றனவாம். பஞ்சடைத்த கண்ணாடிக் குழாய்களில் அவற்றைத் தந்து, மறுநாள் வெயில் ஏறுமுன் மரத்தடியில் திறந்துவிடச் சொன்னார். பிந்தினால் உள்ளேயே செத்துவிடும் என்றும் சொன்னார்.

"இவள் படிச்ச புள்ள, இவள்ட கையில ஈக்கட்டும்" என்றார் ராத்தா.

போர் முடிந்தும் வன்னிக்குத் திரும்பாமல் கற்பிட்டிப் பக்கமே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. ராத்தாவின் ஒரு தென்னை எங்கள் கூரையை உரசிக்கொண்டு நின்றது. அந்தக் கூரையின் கீழேதான் என் ஐந்து மாத மகன் ஏணையில் தூங்குவான். குளவி என்ற சொல்லே என்னைக் கலங்கடிக்கப் போதுமாக இருந்தது.

காலையில் ராத்தா வந்து நின்றார்.

"என்ன புள்ள, தொறப்பமா?"

"கொஞ்சம் பொறுங்கோ ராத்தா. இது பிள்ளையைக் கொத்தாதோ?"

"இதா கொத்தப்போகுது? எறும்புக்கு ரெக்க வெச்ச மாதிரி ஈக்கிது!"

"புழுவைத்தான் தேடிப் போகும் எண்டு என்ன நிச்சயம்?"

நிச்சயம் செய்யாமல் எனக்கு எதுவும் ஓடாது. தாழ்ந்த ஓலையொன்றைப் புரட்டினேன். புழு தன் எச்சத்தையும் நூலையும் சேர்த்துக் கட்டிய மரத்தூள் போன்ற சுரங்கத்துக்குள் இருந்தது. ஈர்க்குச்சியால் அதை வெளியே எடுத்தேன். பிள்ளையின் கரண்டியை இரண்டு தரம் அவிக்கிறவள் நான். புழுவையும் ஆறின வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, வெள்ளைத் தாள் விரித்த ஜாம் போத்தலில் விட்டேன். கூடவே ஒரு குளவி.

குளவி புழுவைத் தாண்டிப் போனது. திரும்பி வந்து அதன் மேலேயே ஏறி இறங்கியது. பிறகு மூடியில் போய் ஒட்டிக்கொண்டது.

புழு வேண்டாமென்றால் இதற்கு வேறு என்ன வேண்டும்?

"ராத்தா, திறக்கேலாது."

அவர் போத்தலுக்குள் எட்டிப் பார்த்தார். "புழு என்னத்துக்கு இப்பிடிப் பளபளக்குது?"

"துடைச்சனான்."

ராத்தா மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பொண்ணு பாக்க வாறாங்கண்டு குளிப்பாட்டி வெச்சியா?" என்றவர், தூளும் எச்சமுமாக ஓலைத் துண்டொன்றை முறித்துப் போத்தலுக்குள் திணித்தார்.

அவ்வளவுதான், குளவி கீழே இறங்கியது. உணர்கொம்புகளால் அந்தத் தூளைத் தட்டித் தட்டி, முறித்ததில் பிளந்திருந்த சுரங்கத்துக்குள் நுழைந்தது. உள்ளே இருந்த சின்னப் புழுவைத் தொட்டுப் பார்த்து விட்டுவிட்டது. அடுத்திருந்த பெரியதன்மேல் ஏறித் தலையிலிருந்து வால்வரை நடந்தது. மறுபடி வாலிலிருந்து தலைக்கு வந்தது.

"சந்தையில மீன் பாக்குறாள்" என்றார் ராத்தா.

வெகுநேரம் பார்த்த பிறகுதான் கொத்தியது. புழு அசைவற்றுப் போனது. நான் துடைத்தெறிந்த அழுக்கின் மணத்தைத்தான் அது தேடியிருக்கிறது. தன் குஞ்சுகளுக்குச் சாப்பாடு போதுமா என்று இவ்வளவு தரம் அளந்து பார்த்ததைக் கண்டு எனக்கு அதன்மேல் ஒரு மதிப்புக்கூட வந்தது.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. இன்னொரு போத்தலில் வேறொரு குளவியை விட்டு, மகன் பால் கக்கி, மணத்துக்கொண்டிருந்த சட்டையையும் வைத்தேன். ராத்தா வானத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். குளவி சட்டைப் பக்கமே போகாமல் உணர்கொம்பைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"பாத்தியா, ஒன்ட மகன வேணாமாம்!"

ஒரு கணம் எனக்குக் கோபம்தான் வந்தது. என் பிள்ளைக்கு என்ன குறை? பிறகு நானும் சிரித்துவிட்டேன்.

"தூரத்து மரத்துல இரிந்து தொடங்குவம்" என்றார் ராத்தா, என் முகத்தைப் பார்த்து.

"இல்லை ராத்தா, இதிலயே தொடங்குவம்."

எங்கள் கூரையை உரசும் மரத்தடியில் பஞ்சை எடுத்தேன். குளவிகள் உடனே பறக்கவில்லை. ஒவ்வொன்றாக மரத்தில் ஏறின. ஒன்று மட்டும் என் மணிக்கட்டுக்கு வந்தது. தட்டிவிடாமல் நின்றேன். விரல் நுனிவரை நடந்து பார்த்துவிட்டு, ஓலையை நோக்கிப் பறந்தது.

"அடுத்தத தொற புள்ள, வெயில் ஏறுது!"