மதீனா பீவி மறைத்த பெயர்

மிங்கலா தாங்ஞுன்ட் சந்தையில் பிரியாணி விற்கும் மதீனா பீவிக்கு, ரங்கூன் முஸ்லிம்கள் பலரையும் போல இரண்டு பெயர். அடையாள அட்டையில் 'டோ கின் தான் நுவே' என்ற பர்மியப் பெயர். வீட்டிலும் பள்ளிவாசலிலும் மதீனா பீவி. ஐம்பத்தெட்டு வருஷமாக இதனால் எந்தக் குடியும் முழுகிவிடவில்லை.

2006-இல், மேல்நாட்டில் குடியிருந்த அவள் மகள் சஜிதா உண்டானாள். தலைப்பிரசவம். பிரசவத்துக்குப் பிறகு நாற்பது நாளும் பெற்ற தாய் பக்கத்தில் இருந்து மருந்து கிண்டிக் கொடுத்து, பிள்ளையைக் குளிப்பாட்டிப் போடவேண்டும். அந்தக் குளிர் தேசத்தில் அதற்கு யார் இருக்கிறார்கள்? மதீனா பீவி விசாவுக்கு மனுப்போடக் கிளம்பினாள்.

படிவம் நிரப்பிக் கொடுப்பவர் பக்கத்துத் தெரு சபாபதி. 'வேறு பெயர்கள் உண்டா' என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்தினார்.

"அக்கா, இதுல இல்லைன்னு போட்டுருவோம். நியூயார்க்குல கோபுரம் விழுந்ததுலேர்ந்து முஸ்லிம் பேரைப் பாத்தாலே அவனுங்களுக்கு வயித்தக் கலக்குது. பர்மாக்காரின்னா பேசாம விட்டுருவானுங்க."

"பொய்யில்லியா தம்பி?"

"அட்டையில உள்ளதத்தானே எழுதுறோம்?"

நியாயமாகத்தான் பட்டது. எங்கே குண்டு வெடித்தாலும் டிவியில் பள்ளிவாசல் மோதினாரைப் போலத் தாடி வைத்த ஒருவனைக் காட்டுவதை அவளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். முக்காட்டை எடுத்துவிட்டு, பர்மியப் பெண்களைப் போலக் கன்னத்தில் தனக்கா மரச்சாந்து பூசி, கொண்டையில் பூ வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டாள். இந்த வயதில் என்ன கூத்து! கண்ணாடியில் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

தூதரகத்தில் அதிகாரி, உறவுக்குச் சான்றாகச் சஜிதா நேரே அங்கே அனுப்பியிருந்த நிக்காஹ் பத்திரத்தை எடுத்து வைத்தார். அதில் தாயின் பெயர் மதீனா பீவி. யார் இந்தப் பெண் என்று கேட்டார். உண்மையை மறைத்ததால் விசா இல்லை என்று கடிதம் வந்தது. முஸ்லிம் என்பதற்காக இல்லையாம், மறைத்ததற்காக! அடப் பாவி சபாபதி!

மகள் போனில் அழவில்லை, சத்தம் போட்டாள்.

"நான் இங்க தலைல துணி போட்டுக்கிட்டுத்தான் பஸ்ஸுல போறேன், உம்மா. மொறைக்கிறவங்க மொறைக்கிறாங்க, எந்திரிச்சு எடம் குடுக்கிறவங்க குடுக்கிறாங்க. நீங்க அங்க உக்காந்துக்கிட்டு எதுக்குப் பயந்தீங்க?"

அடுத்த மாதம் ஆண்பிள்ளை பிறந்தது. மூன்றாம் நாளே சஜிதா தானே எழுந்து கஞ்சி வைத்துக் குடித்தாளாம். அதைக் கேட்ட அன்று மதீனா பீவிக்குச் சோறு இறங்கவில்லை.

மறுபடி மனுப்போட்டாள். இரண்டு பெயரையும் எழுதி, முக்காட்டோடு எடுத்த போட்டோவை ஒட்டினாள். இதில் எது நிஜப் பெயர் என்று அதே அதிகாரி கேட்டார்.

"ரெண்டும் நான்தான்யா. அன்னைக்கு மறைச்சது தப்பு. நீங்க பயந்துருவீங்களோன்னு நான் பயந்துட்டேன்."

மொழிபெயர்த்த பெண் அதைச் சொல்லி முடித்ததும் அதிகாரி காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு போகச் சொன்னார். விசா கைக்கு வர நாலு மாதமாயிற்று.

அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டாள். அவள் வாயைத் திறக்குமுன் சஜிதா முந்திக்கொண்டாள்.

"உம்மா, புள்ள இன்னைக்குக் குப்புறக் கவுந்துட்டான்!"

"மாஷா அல்லா" என்றாள் மதீனா பீவி. விசா வந்த சேதியையும் சொன்னாள். போனை வைத்த பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். தலை நிற்காத பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கத்தான் அவள் கிளம்பியது. அந்த நாற்பது நாள் போனது போனதுதான்.